மூன்றாவது பாடம்

மைக் பொத்தானை அழுத்தி, போனை அம்மாவின் வாய்க்கருகே நீட்டினான் மகன். "இதுல சொல்லும்மா. என்ன வேணும்?"

அம்மா சொன்னாள். சின்னதாக ஏதோ, அதுவும் பாதி மூச்சில். தமிழ் அவளை விட்டுப் போய் இரண்டு நாளாகியிருந்தது. பிறந்த மொழி மட்டும்தான் மிச்சம். அந்த மொழியைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் செயலியைச் செய்து, மேடையேறிக் கேடயம் வாங்கியவன் அவன்தான். அவனுக்கு அது பேசத் தெரியாது என்பது அம்மாவுக்கும் அக்காவுக்கும் மட்டும்தான் தெரியும்.

போன் கொஞ்சம் யோசித்தது. பிறகு அம்மாவின் குரலிலேயே, அம்மாவின் மொழியிலேயே சொன்னது: இல்லை கண்ணு, திரும்பச் சொல்லு.

தையல் கடையில் மெஷினை நிறுத்திவிட்டு, வாயில் கடித்திருந்த ஊசிகளை எடுத்து வைத்துவிட்டு அவள் பதிவு செய்து கொடுத்த குரல். ஆயிரத்து இருநூறு சொற்கள். அர்த்தங்களை வேறு யாரோ எழுதினார்கள். அவன் எண் போட்டு அடுக்கினான். சோதிக்கும்போது ஆயிரம் முறை கேட்டதால் இந்த ஒரு வாக்கியம் மட்டும் அவனுக்கு மனப்பாடம்.

தன் குரலையே கேட்டு அம்மா கண்ணைத் திறந்தாள். சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளை மாதிரி திரும்பச் சொன்னாள். இல்லை கண்ணு. மூன்றாம் முறையும் சொன்னாள்.

"இரும்மா, இங்க சிக்னல் சரியில்ல. இதோ வந்துடறேன்."

ஆஸ்பத்திரி வராந்தா ஜன்னலோரம் நின்று சொற்பட்டியலில் மேலும் கீழும் தேடிக்கொண்டிருந்தான். தண்ணீரா, போர்வையா, வலியா? நர்ஸ் வந்து தோளைத் தொட்டபோது 'த' வரிசைக்குக்கூட வந்திருக்கவில்லை.

மூன்றாம் வகுப்பில், பள்ளிக்கூட வாசலில், நண்பர்கள் சிரித்ததற்காக அவன் அம்மாவிடம் சொன்னான்: "இங்க வந்து அந்தப் பேச்சுப் பேசாதம்மா. அசிங்கமா இருக்கு." அன்றோடு அவனிடம் நிறுத்திக்கொண்டாள். அக்காவிடம் பேசுவாள், அவன் வந்தால் பாதி வாக்கியத்தில் தமிழுக்குத் தாவுவாள். அதற்காக ஒரு நாளும் அவள் முகம் சுளித்ததில்லை.

மறுநாள் காலை வீட்டுக் கூடத்தில் அம்மா கிடத்தப்பட்டிருந்தாள். தையல் மெஷின் சுவரோரம் தள்ளப்பட்டிருந்தது. மேலே அவனுடைய கேடயம் பளபளத்தது. வெளியூரிலிருந்து வந்த அக்கா அம்மாவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"கடைசியா என்னடா சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலக்கா. தூக்கத்துலயே போயிட்டாங்க." வாய் கூசாமல் சொல்லிவிட்டான். சொன்ன பிறகு கூசியது.

அவனுடைய மகளுக்குப் பதிமூன்று வயது. கூடப் படிப்பவர்களுக்குப் பாட்டியின் படம் அனுப்பவேண்டும் என்று அவன் போனை வாங்கிப்போனாள். செயலி திறந்தபடியே இருந்தது. 'தவறான முயற்சிகள்: 3' என்று சிவப்பாகக் காட்டியதும், தினமும் அதில் பாடம் படிக்கும் பழக்கதோஷத்தில், பதிவைக் கேட்க அழுத்திவிட்டாள்.

பாட்டியின் மூச்சு கூடம் முழுக்கக் கேட்டது. ஒரு சொல். இல்லை கண்ணு. மறுபடி அதே சொல். இல்லை கண்ணு. மூன்றாவது, ஏறக்குறைய காற்று. பின்னாலேயே அவன் குரல்: இரும்மா, இங்க சிக்னல் சரியில்ல.

பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். அவனுக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது.

"என்னப்பா இது? பாட்டி சரியாத்தானே சொல்றாங்க?" மகள் நிமிர்ந்து பார்த்தாள். "மூணாவது பாடம்ப்பா. 'பக்கத்துல உக்காரு.' உங்களுக்குத் தெரியாதா?"

அவன் தரையைப் பார்த்தபடி நின்றான்.

அக்கா அவனைத் திட்டுவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து, அடுத்த நாற்காலிக்கு மாறி உட்கார்ந்தாள்.

அம்மாவின் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.