தவசி வீட்டு அடுப்பு

ஓராண்டுக்கு மேலாக ரமணிக்லாலைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஒரு நாள் உபவாசம், மறுநாள் இரண்டே வேளைச் சாப்பாடு, மறுபடி உபவாசம் என்று பதின்மூன்று மாதம் நடக்கும் ஜைன வருஷத்தவத்தை எழுபத்தேழு வயதில் ஒருவர் எடுத்துக்கொண்டால் கும்பிடாமல் என்ன செய்வார்கள்? அகமதாபாத்தில், அதுவும் ஜைனர்கள் நிறைந்த பால்டியில், ஒரு கிழவர் எலும்பும் தோலுமாகப் போனால் தெருவே பெருமைப்படும்.

அந்தத் தவம் எப்படித் தொடங்கியது என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

மனைவி வசுமதி இருந்தவரை மாலை ஐந்தரைக்குத் தட்டு வந்துவிடும். குழைய வெந்த பாசிப்பருப்புக் கிச்சடி, மேலே தாராளமாக நெய், பக்கத்தில் ஒரு கிண்ணம் சூடான மோர்க்குழம்பு. பொழுது சாய்ந்தபின் சொட்டுத் தண்ணீர்கூடத் தொடாத மனிதர் அவர். அதனால் வெளிச்சம் இருக்கும்போதே கடைசிக் கவளம் இறங்கிவிடும்படி வசுமதி பார்த்துக்கொண்டாள். அவள் போய்ச் சேர்ந்தாள். மகன் பரேஷும் மருமகள் ஹேத்தலும் வேலை முடிந்து வீடு வர ஏழரை ஆகிவிடும். காலையில் ஹேத்தல் அவசர அவசரமாகச் சுட்டு வைத்த தேப்லா ரொட்டி டப்பாவில் கிடக்கும். பொய்ப்பல் ஆடும் வாய்க்கு மாலையில் அது வெறும் அட்டைதான். அவருக்கு அடுப்பு மூட்டத் தெரியாது. ஆயுள் முழுக்கச் சமையலறைக்குள் எட்டிப் பார்த்ததே இல்லை, அது ஆண்கள் போகிற இடமா என்ன? மருமகளிடம் கேட்டிருக்கலாம். ஆனால் நாற்பது வருஷம் ஜவுளிக்கடை முதலாளியாக உட்கார்ந்தவருக்கு, சூடாக ஏதாவது வேண்டும் என்று கேட்க வாய் வரவில்லை.

ஒருநாள் டப்பாவைத் திறக்காமலே வைத்துவிட்டார். ஏன் என்று ஹேத்தல் கேட்டபோது, உபவாசம் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார். அவள் குனிந்து அவர் காலைத் தொட்டாள். இரண்டு மாதமாக அந்த வீட்டில் அவரிடம் அத்தனை மென்மையாக யாரும் நடந்துகொண்டதில்லை. அடுத்த வாரமும் அதையே சொன்னார். அதற்கடுத்த வாரம் பரேஷ், அம்மா நினைவாக வருஷத்தவமே எடுத்துவிடுங்களேன் என்றான். மறுக்க முடியுமா? பசியோடு கிடப்பதற்கு ஒரு கௌரவமான பெயர் கிடைத்தது, பிடித்துக்கொண்டார்.

பிறகு ஆள் தேய்ந்தார். உபவாச நாளில் கொதிக்கவைத்த தண்ணீர். சாப்பாட்டு நாளிலும் காலையில் ஒரு வேளைதான் உருப்படி, மாலையில் அதே அட்டை. ஊறுகாய் ஜாடியின் மூடியைத் திருக முடியவில்லை. மாடிப்படியில் பாதியில் நின்றார். வருகிறவர்கள் தவசியிடம் வழக்கமாகக் கேட்பதுபோல, சுகமாக இருக்கிறீர்களா என்று கேட்பார்கள். குரு கிருபை என்று தவசி பதில் சொல்ல வேண்டும். வேறு பதில் சொன்ன தவசியை யாரும் கண்டதில்லை, அவரும் சொல்லவில்லை.

போன மாதம் டாக்டரிடம் கூட்டிப்போனான் பரேஷ். டாக்டர் தன் இரண்டு விரலை நீட்டி அழுத்திப் பிடிக்கச் சொன்னார். பிடி இல்லை. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கச் சொன்னார். மூன்று தரம் முயன்றும் முடியவில்லை. அசைவம் தொடாததால் இப்படியா என்று பரேஷ் கவலையாகக் கேட்டான்.

"சைவச் சாப்பாட்டு மேல பழி போடாதீங்க. பருப்பு, பால், பனீர், நெய்னு நல்லா சாப்பிட்டா இந்த வயசுலயும் திடமா இருக்கலாம். இவரு சாப்பிடவே இல்லையே, அதுதான் கோளாறு," என்று சொல்லி டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சீட்டைப் பரேஷ் மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். பாரணைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றான். அட்சய திருதியை அன்று கரும்புச்சாறு குடித்து விரதத்தை முடிக்கும் அந்த விழாவுக்கு மண்டபம் பிடித்தாயிற்று, ஊர்வல ரதத்துக்குச் சொல்லியாயிற்று. நோயாளி நடுவில் விட்டுவிடலாம் என்று விரதம் எடுக்கும்போது சொல்கிற வாக்கியத்திலேயே இடம் இருக்கிறது. எல்லாருக்கும் தெரியும். ஆனால் அடுத்தவர் தவத்தைக் கலைத்தால் பாவம் தன் தலையில் விழும் என்று அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

பாரணைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, உபவாச நாள். மகனும் மருமகளும் கூடத்தில் உட்கார்ந்து அழைப்பிதழ்களில் பெயர் எழுதிக்கொண்டிருந்தார்கள். மாலை ஆறேகாலுக்கு ரமணிக்லால் நாற்காலியிலிருந்து எழுந்தார், அப்படியே சரிந்து விழுந்தார். முகத்தில் தண்ணீர் தெளித்துத் திவானில் சாய்த்தபோது கண் திறந்தார். பதின்மூன்று மாதமாகத் தொண்டைக்குள் கிடந்தது வெளியே வந்தது.

"கிச்சடி குடும்மா. பசிக்குது."

ஹேத்தல் அடுக்களைக்கு ஓடினாள். பரேஷ் போனை எடுத்தான். துறவிகள் தங்கும் உபாஸ்ரயத்திலிருந்த குரு மகராஜ் சாகிப்பிடம் உத்தரவு கேட்க வேண்டுமாம். துறவிகள் போனைத் தொடமாட்டார்கள். அங்கிருந்த வேலையாள் மாடிக்குப் போய்க் கேட்டு வந்து சொல்ல வேண்டும். ஆறே முக்காலுக்குக் கிச்சடி வந்துவிட்டது. நெய் வாசனை கூடம் முழுக்கப் பரவியது. கிழவர் கை நீட்டினார்.

"அஞ்சே நிமிஷம் பாபுஜி. பதில் வந்துடட்டும். நாமளா குடுத்துட்டா தப்பாயிடும்," என்றான் பரேஷ்.

ஐந்து நிமிஷம் இருபது நிமிஷமானது. ஏழு ஐந்துக்குப் பொழுது சாய்ந்தது. ஏழு பத்துக்குப் போன் வந்தது. மயங்கி விழுந்த மனிதருக்குச் சோறு போட என்னை எதற்குக் கேட்கிறார்கள், முதலில் போடச் சொல் என்று மகராஜ் சாகிப் கோபித்துக்கொண்டாராம்.

பரேஷ் ஜன்னலைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான். ஹேத்தல் கிண்ணத்தை நீட்டாமலே நின்றாள்.

"இருட்டிடுச்சே பாபுஜி. எழுபது வருஷ நியமமாச்சே. நாளைக்கு விடிஞ்சதும் செஞ்சு தரேனே."

ரமணிக்லாலுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கத்தத் தெம்பில்லாததால் மெதுவாகத்தான் சொன்னார்.

"உங்க அம்மா போனதுலேர்ந்து நான் ஒரு நாளும் விரதம் இருக்கலடா. வெளிச்சம் இருக்கும்போது சூடா போட ஆள் இல்ல. அதைச் சொல்ல வெக்கமா இருந்துச்சு, விரதம்னு சொன்னேன். போட்டிருந்தா தின்னிருப்பேன்."

 பரேஷ் எழுதி அடுக்கியிருந்த அழைப்பிதழ்களையே பார்த்துக்கொண்டிருந்தான். நானூறு பேருக்கு எழுதியாகிவிட்டது.

"இதை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க பாபுஜி," என்றான்.

அவர் ஹேத்தல் கையிலிருந்த கிண்ணத்தை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். கரண்டி விரல்களில் நிற்கவில்லை. பாதிக் கிச்சடி வேட்டியில் விழுந்தது. மீதியை வாய்க்குக் கொண்டுபோனார். ஆறிப்போயிருந்தது, இருந்தும் விழுங்கினார். ஹேத்தல் நகர்ந்தபோது, ஊட்டிவிடத்தான் வருகிறாள் என்று நினைத்து வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவள் அவரைத் தாண்டிப் போய், எதிர்வீட்டுக்காரர்கள் பார்த்துவிடாதபடி ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள்.