சந்தனப் பொட்டு வைத்த விமானம்

திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி மைதானம். அதன் மேலே சத்யபிரியாவின் ஆளில்லா விமானம் குடித்தவன் மாதிரி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஐம்பது மீட்டர் உயரத்தில் தானாக, நிலையாகப் பறக்க வேண்டிய விமானம். ஒவ்வொரு முறையும் முன்னைவிட அதிகமாக ஏறி, அதிகமாக விழுந்தது. வேறு வழியில்லாமல் ரிமோட்டால் அவளே தரையிறக்கினாள்.

"மூணு மணிக்கு இன்னொருக்கா பாக்கலாம். அப்பவும் இப்படியேன்னா போட்டிக்கு வேற டீமைத்தான் அனுப்போணும்" என்றார் பேராசிரியர் தனசேகர். கெட்டவர் இல்லை. சாயங்காலத்துக்குள் பட்டியல் போயாக வேண்டும், அவ்வளவுதான்.

சத்யபிரியாவுக்கு அழுகை முட்டியது. இரண்டு வருட உழைப்பு போகிறதே என்பதைவிட, தப்பு தன்னுடையது என்ற எண்ணம்தான் அவளை அரித்தது. விமானத்தைத் தானாகப் பறக்க வைக்கும் கோடிங்கை எழுதியவள் அவள். அதில் மாயமந்திரம் ஏதுமில்லை. காற்றழுத்தத்தை வைத்து உயரத்தைச் சொல்ல ஒரு சென்சார். வேண்டிய உயரத்துக்கும் இருக்கிற உயரத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று கணினி பார்க்கும், அதற்கேற்ப வால் மடலை அசைக்கும், அசைத்ததில் என்ன ஆனது என்று மறுபடி சென்சாரைக் கேட்கும். நொடிக்கு ஐம்பது தடவை இதே கேள்வி, இதே பதில். திருத்தம் வேகமாக இருக்கிறதோ என்று பயந்து மூன்று முறை குறைத்தும் பார்த்துவிட்டாள். ஆட்டம் நிற்கவில்லை.

வேப்பமரத்தடியில் லேப்டாப்பைத் திறந்தாள். ஜிபிஎஸ் சொன்ன உயரத்தையும் சென்சார் சொன்ன உயரத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டாள். இரண்டும் ஒரே வடிவம். ஆனால் சென்சாரின் கோடு இரண்டு நொடி பின்தங்கி வந்தது.

விமானம் இறங்க ஆரம்பித்த பிறகும் சென்சார் "ஏறுகிறோம்" என்றிருக்கிறது. கணினியும் அதை நம்பி மூக்கை இன்னும் கீழே அழுத்தியிருக்கிறது. ஹீட்டர் குழாயைத் திருகிவிட்டு, சூடு வருவதற்குள் மேலும் திருகிக் கையைச் சுட்டுக்கொள்கிறவர்கள் செய்வதும் இதுதான்.

சென்சாருக்குக் காற்று போவது உடலின் பக்கவாட்டிலுள்ள ஒரு ஊசித்துளை வழியாக. விமானத்தைத் திருப்பினாள். துளையின்மேல் கச்சிதமாக ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். காய்ந்து வெடித்த சந்தனத்தின் வழியே காற்று கசிந்து கசிந்துதான் உள்ளே போயிருக்கிறது.

"கவினு, இது ஆரு வெச்சது?"

விமானத்தின் உடலைச் செய்த கவின், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்கார வீட்டுப் பையன். "நாந்தான். ஆயுத பூசைக்கு எங்கூட்டு வண்டியில கம்ப்ரசர் மொதக்கொண்டு எதையும் பொட்டு வெக்காம உடமாட்டோம். இந்தத் தொளை அதுக்குன்னே அளவா இருந்துச்சு."

பூசை முடிந்த மறுவாரம்தான் தானியங்கியை முதன்முதலாக இயக்கினார்கள். அது ஒழுங்காகப் பறந்ததை அவர்கள் பார்த்ததே இல்லை.

"ஒரு மாசமா என்ற மண்டைய ஒடச்சுட்டு இருக்கறன்டா!"

கவினின் முகம் சுருங்கிப்போனது. "தொடச்சா சாமி குத்தம்னு உட்டுட்டேன்."

அவளுக்குக் கோபத்தை மீறிச் சிரிப்பு வந்தது. "பொட்ட மூக்குல வெய்யி. சாமிக்கும் மூச்சு முட்டாது."

கவின் ஊசியால் துளையைச் சுத்தம் செய்தான். அவள் குறைத்த அளவுகளையெல்லாம் அழித்து, முதலில் எழுதியதையே ஏற்றினாள். சோதித்துப் பார்க்க நேரமில்லை.

மூன்று மணிக்கு விமானம் எழும்பியது. ஐம்பதைச் சற்றுத் தாண்டியது, இறங்கியது, ஐம்பதிலேயே நிலைத்தது. மலைப்பக்கமிருந்து ஒரு காற்று வந்து அடித்ததில் மூக்கு தாழ்ந்தது. கவின் கண்ணை மூடிக்கொண்டான். அவள் ரிமோட்டைத் தொடவில்லை. விமானம் தானே நிமிர்ந்து பழைய உயரத்துக்கு வந்தது.

தனசேகர் அண்ணாந்து பார்த்தபடியே கேட்டார். "கோடிங்ல என்னம்மா மாத்துன?"

"ஒன்னுமே மாத்தலீங்க சார். மொத நாள் எழுதுனதேதான்."

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். அவள் எழுதியது முதல் நாளிலிருந்தே சரியாகத்தான் இருந்திருக்கிறது.