பாதி அளவு மருந்து

அபுந்தியோ உரக்கடைக்குத் தர வேண்டிய பாக்கி இருநூற்றுப் பதினான்கு டாலர் அறுபது சென்ட். எல்லாம் வாழைக்கு அடிக்க வாங்கிய பூஞ்சை மருந்துக்கு. அடித்து என்ன? இலையில் கருங்கீற்று விழுந்தது விழுந்தபடிதான். தார் முற்றுமுன் மரம் மொட்டையாய் நின்றது. இன்னொரு போகம் இப்படிப் போனால் தோட்டத்தை விற்க வேண்டியதுதான்.

போன மாதம் சோதனைக்கு இலை வெட்டிக்கொண்டு போன பல்கலைக்கழகத்து யாடிரா, அன்று காலை ஆய்வு முடிவோடு வந்தாள். அபுந்தியோ காபி போட்டான். மனைவி இறந்து, மகளும் ஸ்பெயினுக்குக் கீரை பறிக்கப் போன பிறகு, அந்த வீட்டில் இரண்டாவது கோப்பை அலமாரியிலிருந்து அன்றுதான் கீழே இறங்கியது.

"மருந்த எப்படிக் கலப்பீங்க, அபுந்தியோ ஐயா?"

"கேன்ல போட்டிருக்கிறதுல பாதி. கடன் சரக்கு தாயி, சிக்கனமா இருக்கட்டுமேன்னு."

"அதான் வினை. முழு அளவு விழுந்தா பூஞ்சை செத்துடும். பாதியில மயங்கி எழுந்துக்குது. அதுக்குள்ள தூங்கிட்டிருந்த மரபணுவெல்லாம் முழிச்சு வேலைய ஆரம்பிச்சிடுது. ஒண்ணு, படகுல புகுந்த தண்ணி மாதிரி விஷத்த வெளிய இறைச்சுக் கொட்டுது. இன்னொண்ணு, மருந்து அதோட உடம்புல எதக் குறி வெக்குதோ அதையே நாலு பங்கா செஞ்சு குவிக்குது. இப்ப உங்க தோட்டத்துல இருக்கிறதெல்லாம் அப்படித் தப்பிச்சதோட பிள்ளைங்க."

"அப்போ நாந்தான் பழக்கிவிட்டேனா?"

"நீங்க மட்டுமா? ஆத்துக்கு இந்தப் பக்கம் பூரா இதே கதைதான். இந்த வகை மருந்த இனிமே தொடாதீங்க. கருகுன இலைய வாராவாரம் வெட்டி எறியுங்க."

கிளம்பிவிடுவாளே என்று, கேட்டதையே இன்னொரு தரம் கேட்டான். அவளும் சலிக்காமல் சொன்னாள். பிறகு அவள் மோட்டார் சைக்கிள் சத்தம் பாலத்தைத் தாண்டி ஓய்ந்தது.

கொட்டகையில் நான்கு கேன் பிரிக்காமல் கிடந்தன. பாதிப் பாதியாய் அடித்து மிச்சம் பிடித்தவை. வண்டியில் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போனான். கடைக்காரர் டெல்ஃபின், அவன் மகளுக்கு ஞானத்தகப்பன்; அந்த உறவில் இருவரும் ஒருவருக்கொருவர் 'கொம்பாத்ரே'.

"வாய்யா கொம்பாத்ரே! இன்னிக்குப் பணம் வருதா, கதை வருதா?"

"கேன் வருது."

நடந்ததைச் சொன்னான். டெல்ஃபின் கையை வீசினார். "அட விடுய்யா, புதுசா ஒண்ணு வந்திருக்கு. எடுத்துட்டுப் போ, மெல்லத் தா."

பாக்கி இருந்தால் சனிக்கிழமைதோறும் இங்கே வரலாம். ஸ்டூலில் உட்கார்ந்து ஏச்சு வாங்கலாம். வாரத்தில் அவன் காதில் விழும் மனுஷப் பேச்சு அவ்வளவுதான்.

"இதுவும் அதே வகையா?"

டெல்ஃபின் மூக்குக்கண்ணாடியை ஏற்றி அட்டையைப் படித்தார். "வகை அதேதான். பேருதான் வேற."

"அப்ப வேணாம்."

டெல்ஃபின் திருப்பி எடுத்துக்கொண்ட கேன் நான்குக்கும் நூற்றுத் தொண்ணூற்று நான்கு டாலர் அறுபது சென்ட் கழிந்தது. மீதி இருபதை அபுந்தியோ சட்டைப்பையிலிருந்து எடுத்து, நீவிவிட்டு வைத்தான்.

"அப்ப சனிக்கிழம வர மாட்ட?"

"இலை வெட்டணும் கொம்பாத்ரே. ஒத்த ஆளு."

டெல்ஃபின் பாக்கி நோட்டை விரித்துப் பேனாவை எடுத்தார். பிறகு அவன் பேரை அடித்துவிட்டார்.