பின்லாந்தில் வரவேண்டிய காய்ச்சல்

எங்கள் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறவர்கள், அங்கே வரவிருக்கும் நோய்களையும் விபத்துகளையும் இங்கேயே முடித்துவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டும். நான் ஆறு மாதம் பின்லாந்து போவதாக இருந்தது. சுகாதார மையத்தில் பேச்சியம்மாள் சிஸ்டர் என் பட்டியலைக் கொடுத்தார்: இரண்டு காய்ச்சல், பனியில் வழுக்கி மணிக்கட்டு முறிவு, வீட்டு ஏக்கம் பதினோரு நாள்.

காய்ச்சல்களை ஒரே வாரத்தில் முடித்தேன். பனிக்கு, தூத்துக்குடி துறைமுகத்துப் பக்கம் மீனுக்கு ஐஸ் உடைக்கும் இடத்துக்கு அழைத்துப்போனார்கள். முதல் இரண்டு முறையும் பார்க்க அழகாக விழுந்தேன். செல்லாது என்றார் சிஸ்டர்.

"நல்லா விழுங்க தம்பி. அரைகுறையா விழுந்தா அங்க போய் மறுபடி விழணும்."

மூன்றாவது முறை சரியாக முறிந்தது.

வீட்டு ஏக்கத்தைப் பட்டியலிலிருந்து அடித்துவிடச் சொன்னேன். என் போன்றவர்களுக்கு அதெல்லாம் வராது என்று விளக்கினேன். சிஸ்டர் என்னை மாடி அறையில் விட்டுக் கதவைச் சாத்தினார். வீடு அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர். முதல் நாள் மத்தியானமே தலையணை உறையை மாற்ற வேண்டி வந்தது.

வீட்டார் பார்க்க வந்தால் நாட்களை முதலிலிருந்து எண்ணுவார்கள். விமானத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. இரண்டாம் நாள் கேட்டுக்கு வெளியே அம்மா நின்றாள். போய்விடும்படி ஜன்னலிலிருந்து கெஞ்சினேன்.

"நான் ஒன்னப் பாக்க வரல. பஸ்ஸுக்கு நிக்கேன்" என்றாள்.

அந்தச் சாலையில் பஸ் கிடையாது. சிஸ்டர் எட்டிப் பார்த்து, பஸ்ஸுக்கு நிற்பவர் என்று பதிவேட்டில் எழுதினார். அம்மா தினமும் வந்தாள். ஐந்தாம் நாளிலிருந்து அங்கே பஸ் நிற்கத் தொடங்கியது. கூட்டமாக இருக்கிறது என்று ஒவ்வொன்றையும் விட்டுவிட்டாள். உள்ளே டிரைவரும் கண்டக்டரும் மட்டும்தான் இருந்தார்கள். ரொம்பக் கூட்டம்தான் என்று நானும் மேலிருந்து தலையாட்டினேன். பதினோராம் நாள் மாலை சிஸ்டர் என் சான்றிதழில் முத்திரை குத்தினார்.

பின்லாந்தில் எனக்குத் தும்மல்கூட வரவில்லை. ஜனவரியில் அந்த ஊர்ச் சுகாதார மையத்திலிருந்து கூப்பிட்டார்கள். ஐனோ என்கிற மாணவி எங்கள் ஊருக்குப் படிக்கப் போகவிருந்தாள். வெயிலில் தோல் உரிவதை அவள் முடித்தாக வேண்டும். அங்கே வெயில் இல்லை. வெயிலுக்குப் பதிலாக என்னை அவள் பக்கத்தில் நிற்கச் சொன்னார்கள். பத்து மணியிலிருந்து நான்கு மணிவரை நின்றேன்.

மூன்றாம் நாள் அவளுக்கு மூக்கு நுனி உரிந்தது. இன்றைக்குக் கொஞ்சம் மேகம் போடுமா என்று மரியாதையாகக் கேட்டாள். மத்தியானத்துக்கு மேல் பார்க்கலாம் என்றேன்.