தங்கை வீட்டு வரகு

...தங்கை வீட்டுக்கு அண்ணன் எதையாவது சுமந்துகொண்டு போவதுதான் வழக்கம், அங்கிருந்து சுமந்து வருவது எந்த ஊரில் உண்டு, பொங்கல் சீர் தூக்கி வந்த தோளில் வரகு மூட்டையோடு நடராசன் போவதைக் குரும்பலூர்த் தெருவில் எத்தனை பேர் பார்த்தார்களோ... துண்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டான், எதிரே வண்டி வந்தால் புளியமரத்தோரம் ஒதுங்கினான், ஏன் ஒளிய வேண்டும், திருடியா கொண்டுபோகிறான்? திருடியிருந்தால்கூட இவ்வளவு கூசியிருக்காது. இருந்த காடு முழுக்கக் கடலை போட்டது யார்? இவன்தான். கடலை கப்பலேறிச் சீமைக்குப் போகிறது, அங்கே சோப்புக்கும் எண்ணெய்க்கும் ஆலாய்ப் பறக்கிறார்கள் என்று பெரம்பலூர் மண்டிக்காரர் சொன்னதும் தலைகால் புரியவில்லை, வரகு எதற்கு, சோளம் எதற்கு, கடலையை விற்று ரங்கூன் அரிசி வாங்கித் தின்றால் போயிற்று... தின்றார்கள்தான், வெள்ளைவெளேரென்று, மகளுக்குச் சீமை ரிப்பன் வேறு. வரகுச் சோறு போட்ட தங்கை மலர்கொடியிடம், "இன்னுமா இதைத் திங்கிறீங்க" என்று சிரித்தானே, அவள் புருஷன் நல்லுசாமி நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பிறகு உலகச் சண்டை வந்தது. கடலை ஏற்றக் கப்பல் இல்லை, ரங்கூன் அரிசியும் இல்லை, கடலுக்கு அப்பால் எவனோ அடித்துக்கொண்டால் தன் வீட்டு அடுப்பு ஏன் அணைய வேண்டும், இங்கே மழை பெய்யாமலா போயிற்று? கடலையையே அவித்துத் தின்று சின்ன மகளுக்கு வயிறு நிற்கவில்லை, காலையில் எழுந்து உட்காரத் தெம்பில்லாமல் கஞ்சி கேட்டாள்.

தங்கை வீட்டில் அவன் வாய் திறந்து வரகு கேட்கவில்லை. "சும்மா பாத்துட்டுப் போவலாம்னு வந்தேன்" என்றான், கக்கத்தில் மடித்த சாக்கோடு. "வாங்க மச்சான்" என்ற நல்லுசாமி உடனே மாட்டைப் பார்க்கிற மாதிரி கொல்லைக்குப் போய்விட்டான், ஒரு சொல் குத்திக் காட்டியிருந்தால் தேவலை. மலர்கொடி சாக்கை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள், பானை நகரும் சத்தம் கேட்டது, திரும்பி வந்து, "புள்ளைக்குக் கஞ்சி காச்சிக் குடுங்கண்ணே" என்றாள், அவ்வளவுதான். நின்று அவள் முகத்தைப் பார்க்கக்கூட முடியவில்லை.

தோள் வலித்தது, கிணற்றடியில் மூட்டையை இறக்கினான், வாயை அவிழ்த்துக் கையை விட்டான், விரலெல்லாம் சாம்பல், நடுநடுவே காய்ந்த வேப்பிலை... தின்கிற வரகில் யார் இதைக் கலந்து வைக்கிறார்கள், பூச்சி விழாமல் விதைக்கென்று கட்டி வைத்ததல்லவா இது, ஆடி பிறக்கப்போகிறது, அவர்கள் எதை விதைப்பார்கள்? திரும்பிவிடலாம், பாதி வழிகூட வரவில்லை, வேண்டாம்மா, எடுத்து வையி என்று சொல்லிவிடலாம்... சின்னவள் வாசலையே பார்த்துக்கொண்டு கிடப்பாள். உட்கார்ந்து வேப்பிலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிய ஆரம்பித்தான். இந்த இலை பெண்டாட்டி பூங்காவனம் கண்ணில் பட்டால் கண்டுகொள்வாள், விதை என்று தெரிந்தால் பிள்ளை அழுதாலும் உலை வைக்கமாட்டாள், அவள் அப்படி. தான் எப்படி என்பது, இலைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த கையைப் பார்த்தபோதுதான் அவனுக்குத் தெரிந்தது.