நங்கூரம் விழுந்த இடம்

“செத்துப்போன பாறைக்கு என்னம்மா பாதுகாப்பு?” என்றார் கடல் ஆய்வு நிலைய இயக்குநர். திரையில் வெளுத்து நொறுங்கிய பவளத் துண்டுகள். பவளத் திட்டையே வெடிவைத்துத் தகர்த்துக் கப்பலுக்கு வழிவிடலாம் என்று முடிவே கட்டிவிட்டார் மனுஷன்.

பவள ஆய்வாளரான அவள் எழுந்து திரைக்கு அருகே போனாள். கரையிலிருந்து ஒரு நாள் ஓட்டம் போனால் நடுக்கடலில் வளையமாகக் கிடக்கிற திட்டு அது. வளையத்துக்குள் இடுப்பளவுத் தண்ணீர். வெளிப்பக்கமோ செங்குத்தாக இறங்கி இருட்டுக்குள் போய்விடும். அவள் காய்ச்சலில் கிடந்த வாரம் மற்றவர்கள் போய் எடுத்த படங்கள் இவை. பவளத்தின் மேல் வளைந்து கிடந்த தடத்தைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது.

“சார், இது நம்ம படகோட நங்கூரச் சங்கிலி இழுத்த தடம். வருஷக்கணக்கா ஒரே இடத்துல போட்டு நொறுக்கினது நாமதான். கொஞ்சம் தள்ளி நீந்தக்கூட உடம்பு வணங்காம, படகுக்கு நேர் கீழேயே அளவு நாடாவை விரிச்சு அளந்துட்டு வந்திருக்காங்க!”

“கத்தாதம்மா. வேணும்னா நீயே போய்ப் பாத்துட்டு வா.”

போனாள். படகோட்டி அவளுடைய சொந்த அண்ணன்தான். திட்டு தெரிந்ததும் பழக்க தோஷத்தில் அவன் கை நங்கூரத்துக்குப் போனது.

“அண்ணே, அதுல கைய வெச்சே, நடக்கிறதே வேற!”

“வேற எப்படிடி நிறுத்துறது?”

“நிறுத்தாதே. நான் மேல வர்ற வரைக்கும் சுத்திக்கிட்டே இரு.”

முணுமுணுத்துக்கொண்டே சுற்றினான். அவள் வெளிச்சுவர் ஓரமாக இறங்கினாள். மேசை மேசையாக விரிந்த பவளம், அதைக் கொறித்து மணலாகத் துப்பும் கிளிமீன்கள், நிழல் பட்டதும் வாய் மூடும் பெரிய சிப்பிகள், இடுக்கில் மீசை நீட்டும் சிங்கி இறால். இத்தனையையும் செத்துப்போச்சு என்றார்களே, பாவிகள்! வாயில் மூச்சுக்குழாய் இருந்ததால் திட்டக்கூட முடியவில்லை. எல்லாவற்றையும் படம் பிடித்தாள்.

படகேறியதும் வயர்லெஸ்ஸில் சொன்னாள். “முழுக்க உயிரோட இருக்கு சார். படம் இருக்கு.”

“அப்படியா? ரொம்ப நல்லதாப் போச்சு!” இயக்குநர் குரலில் உற்சாகம் வழிந்தது. “வெடி வேணாம். சுற்றுலாப் படகு விட்டுரலாம். பத்துப் பதினஞ்சு படகு நங்கூரம் போட நல்ல இடமாப் பாத்து வை.”

அண்ணன் நங்கூரத்தையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தான்.

“இடம் இருக்கு சார்,” என்றாள் அவள். “உங்க மேசை மேல போடச் சொல்லுங்க.”