வக்கீல் ஒத்துக்கொண்ட நாள்

என் வேலை ஸ்டூலில் உட்காருவது. சிரிக்காதீர்கள், அடையாள அட்டையெல்லாம் கொடுத்திருக்கிறார்கள். தொழிற்சாலையின் கழிவு டேங்கைச் சுத்தம் செய்ய ஆள் உள்ளே இறங்கும்போது, மேலே அந்த வட்ட ஓட்டையின் ஓரமாக நான் உட்கார்ந்திருப்பேன். யார் இறங்கினார், எத்தனை மணிக்கு என்று நோட்டில் எழுதுவேன். அவரோடு பேசிக்கொண்டே இருப்பேன். அவர் ஏறி வரும்வரை எழுந்திருக்க மாட்டேன். தண்ணீர் குடிக்கப் போவதென்றால்கூட, பழகிய இன்னொருவர் வந்து உட்கார்ந்த பிறகுதான்.

"வாயாலயே சம்பளம் வாங்குற ஒரே ஆளு எங்க அண்ணிதான்" என்பான் என் கொழுந்தன்.

அவனும் என் வீட்டுக்காரரும் அதே டேங்க் பிரிவில்தான் இருக்கிறார்கள். அண்ணன் மேலே நின்று காற்றடிக்கும் மோட்டாரைப் பார்த்துக்கொள்வார், தம்பி உள்ளே மண்வெட்டி பிடிப்பான். எல்லோரும் அவனுக்கு வைத்த பெயர் வக்கீல். மழை பெய்கிறது என்றால் தூறல் என்பான். சரி, தூறல் என்றால் குடை எங்கே என்பான். நான் கல்யாணமாகி வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. ஒரு தடவைகூட, பேச்சுக்காகக்கூட, "நீங்க சொல்றது சரி அண்ணி" என்று அவன் சொன்னது கிடையாது.

பேச்சு எதற்கு என்று கேட்பீர்கள். அடிச்சேற்றைக் கிளறினால் விஷவாயு கிளம்பும். ஆளைச் சாய்ப்பதற்கு முன்னால் அது புத்தியை மந்தமாக்கும். மயங்கப் போகிறவனுக்கே அது தெரியாது, மேலே இருப்பவள்தான் கண்டுபிடிக்க வேண்டும். பயிற்சி வகுப்பில் ஒரு படம் காட்டினார்கள். ஒருவன் உள்ளே விழுகிறான். காப்பாற்ற இறங்கியவனும் விழுகிறான். அவனைத் தூக்க இறங்கியவனும் விழுகிறான். கடைசியில் வரிசையாக மூன்று போர்வைகள். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை, வழக்கு பாதுகாப்பு பெல்ட்டில் ஆரம்பித்தது.

"கயிறு காலைச் சுத்துது அண்ணி. அரை மணி நேர வேலைக்கு இதெல்லாம் எதுக்கு?"

"பெல்ட் மாட்டலன்னா நோட்டுல உன் பேரை எழுத மாட்டேன். பேரு இல்லாதவன் எறங்க முடியாது."

"நீங்க எழுதலன்னா நான் இல்லன்னு ஆயிடுமா?"

"ஆயிடும். வீட்டுக்குப் போய்ப் படு."

முணுமுணுத்துக்கொண்டே மாட்டினான். பெல்ட்டின் கயிறு, ஓட்டைக்கு மேல் நிறுத்திய மூன்று கால் ஸ்டாண்டின் வழியாக வின்ச்சுக்குப் போகிறது. கைப்பிடியைச் சுற்றினால் ஆள் மேலே வருவான். காற்றை அளக்கும் மீட்டரைக் கயிற்றில் கட்டி மேலே, நடுவில், அடியில் என்று மூன்று இடத்தில் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அதை அவன் சட்டையில் மாட்டி அனுப்பினேன். பீப் பீப் என்று கத்துகிறது என்று அதனோடும் அவனுக்குச் சண்டை.

இறங்கியதும் எங்கள் வீட்டு வழக்கை எடுத்தேன். எல்லோரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம், ஹாலுக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும். எனக்குப் பச்சை, அவனுக்கு நீலம். மூன்று வாரமாக இழுக்கிறது.

"பச்சை அடிச்சா என்னடா, கொலைக்குத்தமா?"

"ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும் அண்ணி. வர்றவங்க டோக்கன் கேப்பாங்க."

"இளம்பச்சைடா."

"அப்ப சின்ன ஆஸ்பத்திரி."

மோட்டார் பக்கம் நின்ற என் வீட்டுக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இந்த வழக்கில் அவர் எந்தக் கட்சியும் இல்லை, கெட்டிக்காரர். மண்வெட்டிச் சத்தம் மூலைக்கு நகர்ந்தது. அங்கே போனால் அவன் என் கண்ணுக்குத் தெரிய மாட்டான், குரல் மட்டும்தான்.

"இன்னைக்குச் சாயங்காலம் பெயிண்டர் வர்றாரு. பச்சைன்னு சொல்லிடட்டுமா?"

பதில் வரக் கொஞ்சம் நேரமானது.

"சரி அண்ணி. பச்சையே அடிங்க. நீங்க சொன்னா சரிதான்."

குரலில் ஒரு மாற்றமும் இல்லை. வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் வழக்கு ஜெயித்தது என்று சந்தோஷப்பட்டிருப்பார்கள். ஆனால் எங்கள் வக்கீல் புத்தி தெளிவாக இருக்கும்போது ஒத்துக்கொள்கிறவன் இல்லை.

கழுத்தில் தொங்கிய விசிலை ஊதிவிட்டு வின்ச் கைப்பிடியைப் பிடித்தேன். "தம்பி! ஏணிக்கு வாடா!" உள்ளே மண்வெட்டி விழுந்த சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. கயிறு இறுகி, கனம் ஏறியது.

என் வீட்டுக்காரர் ஓடி வந்தார். "டேய்!" என்று அலறிக்கொண்டு ஏணியில் ஒரு காலை வைத்துவிட்டார். அம்மா இல்லாத தம்பியைச் சோறூட்டி வளர்த்தவர், அவர் கால் சும்மா நிற்குமா? அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டேன்.

"நீங்களும் எறங்குனா எனக்கு ரெண்டு பேரும் இல்ல! கைப்பிடியைப் புடிங்க!"

கன்னத்தைத் தடவக்கூட நேரமில்லை, பிடித்தார். இருவரும் சேர்ந்து சுற்றினோம். அவர் அழுதுகொண்டே சுற்றினார், நான் திட்டிக்கொண்டே சுற்றினேன். முதலில் ஹெல்மெட் தெரிந்தது, பிறகு தொங்கிய தலை. வெளியே படுக்க வைத்ததும் விசில் கேட்டு ஓடிவந்தவர்கள் ஆக்சிஜன் வைத்தார்கள். நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் நான் திட்டுவதை நிறுத்தினேன்.

மீட்டர் ஏணியின் மூன்றாவது படியில் தொங்கிக்கொண்டிருந்தது. கத்தல் தாங்காமல் கழற்றி மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். வாயு அடியில், மீட்டர் உயரத்தில், பிறகு அது எப்படிக் கத்தும்? அவன் சட்டையில் மீட்டர் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது. இப்போதெல்லாம் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கேட்கிறேன்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் கண் விழித்தான். சுவரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மாஸ்க்கை விலக்கினான்.

"பாத்தீங்களா அண்ணி? இதே பச்சைதான். நான் சொன்னேன்ல?"

அவ்வளவுதான், நான் ஓவென்று அழுதுவிட்டேன். நர்ஸ் பதறிக்கொண்டு ஓடி வந்தார். என் வீட்டுக்காரர் சிவந்த கன்னத்தோடு தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"நீதானடா பச்சைக்கு ஒத்துக்கிட்டே" என்றேன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "காலைல பத்து அம்பத்திரண்டுக்கு."

"நானா? சான்ஸே இல்ல."

"சொன்னே. என் காதால கேட்டேன்."

"நெனைவு தப்பும்போது சொன்னது செல்லாது அண்ணி."

"செல்லாதுதான்" என்றேன். பன்னிரண்டு வருடத்தில் நானும் அவனிடம் ஒத்துக்கொண்டது அன்றைக்குத்தான்.